புயலில் நேர்ந்துகொண்டவர்கள்: கடலூரிலிருந்து தூத்தூர் வரை

வியாழன், கடலூர்

புயலில் மாட்டிக்கொண்டவர்கள் கடவுளிடம் என்ன பேசினார்கள் என்று தேடிக்கொண்டு ஒரு கடற்கரைப் பயணம். கேட்பதற்குக் கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டுக் கரையில் அந்தப் பேச்சுக்குச் சாட்சிகள் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கின்றன. கார் ஓட்டுவது என் நண்பர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடவுள் நம்பிக்கை கிடையாது, நெத்திலிக் குழம்பில் உண்டு. "நீ கோயில் பாரு, நான் மீன் பாக்கறேன்" என்ற ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார்.

முதலில் கரையேறவிட்ட குப்பம். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னனின் ஆட்கள் அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கொண்டுவந்து சேர்த்த இடம் இது என்பது சைவர்களின் நம்பிக்கை. தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்தவர் சைவத்துக்குத் திரும்பியதால் வந்த கோபம் அது. சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கடல். இன்றைக்கு அங்கே கடல் தெரியாது, நன்றாகத் தள்ளிப் போய்விட்டது. சித்திரையில் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் இருந்து வந்து கரையேறும் விழா நடத்துகிறார்கள். நாங்கள் போனபோது இரண்டு ஆடுகளும் ஒரு பூட்டிய கதவும்தான்.

கடலில் கிடந்தபோது அப்பர் பாடியதாகச் சொல்லும் நமச்சிவாயப் பதிகத்தைக் காரில் ஒருமுறை முழுக்கப் படித்தேன். 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்' என்கிறாரே தவிர, என்னைக் கரை சேர் என்று எங்கேயும் கேட்கவில்லை. பிழைத்தால் இதைச் செய்கிறேன், அதைக் கட்டுகிறேன் என்ற பேச்சும் இல்லை. துணை இருக்கிறது, அவ்வளவுதான். அப்பர் அளவுக்கு எல்லாராலும் முடியாது. மற்றவர்கள் நேர்ந்துகொள்வார்கள்.

வெள்ளி, நாகூர்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். எங்கேயோ தூரத்தில் தாழ்வு மண்டலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கார்த்திகையில் இது வழக்கம்தான் என்று வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

நாகூரில் காலை உணவே இறால் வைத்த வாடாதான். அப்புறம் தர்கா. ஐந்து மினாராக்கள், பெரியது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். இங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் முடி மழித்துக்கொண்டிருந்த நேரத்தில், நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏற, கையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வீசினாராம். அது போய் ஓட்டையில் ஒட்டிக்கொள்ள, கப்பல் பிழைத்தது. எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்டால் சிலர் டச்சு என்கிறார்கள், சிலர் போர்ச்சுகீசு என்கிறார்கள். யாருடைய கப்பலாக இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதான்.

வாசலில் தகடு விற்கிறார்கள். கை, கால், கண், தொட்டில், வீடு, படகு. எதற்காக வேண்டிக்கொண்டோமோ அந்த உருவத்தை வாங்கிக் காணிக்கை போடுவது. படகுத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பாய்மரம் வைத்த பழைய காலத்துப் படகு. "இப்ப யாரு பாய் பாய்மரத்துல போறாங்க?" என்று நண்பர் கேட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "அச்சு பழசு தம்பி. வாங்கிட்டுப் போறவங்க எல்லாம் இஞ்சின் போட்டுக்காரங்கதான்."

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடி கொண்டுவருவதும் கப்பல் வடிவ ரதத்தில்தான். இந்த ஆண்டவரை நம்பிக் கடல் கடந்தவர்கள் போன இடத்திலும் அவர் பெயருக்குக் கட்டடம் எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. அப்போது அந்தத் தெருவே கடற்கரை. வங்கக் கடலைத் தாண்டிக் கால் வைத்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. பினாங்கிலும் ஒன்று இருக்கிறது.

சனி, வேளாங்கண்ணி

நாகூரில் இருந்து வேளாங்கண்ணி அரை மணி நேரம்தான், பேச்சும் அதே பேச்சு. மக்காவோவில் இருந்து கொழும்புக்குப் போன போர்ச்சுகீசு வணிகக் கப்பல் வங்கக் கடலில் புயலில் சிக்குகிறது. கரை சேர்ந்தால் அந்தக் கரையில் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ச்சை. ஒதுங்கிய இடம் வேளாங்கண்ணி, நாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். இருந்த கூரைக் கோயிலைச் சிறிய கட்டடமாக மாற்றிக் கட்டினார்கள். அதோடு விடவில்லை, அடுத்த பயணங்களில் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்களாம். சரக்குக் கப்பல்காரன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். 1962இல் ரோம் இந்தக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தியது.

காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் நிறைய நேரம் நின்றேன். வெள்ளி வீடுகள், வெள்ளித் தொட்டில்கள், நன்றிக் கடிதங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளிப் படகு. பொம்மைப் படகு மாதிரி இல்லை. பின்பக்கம் இஞ்சினைச் சாய்த்து மாட்டும் இடம்கூடத் தெரிகிறது. பக்கவாட்டில் அதன் பதிவு எண்ணைப் பொறித்திருந்தார்கள். மாதாவுக்கு ஆள் குழம்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையாக இருக்கும்.

நேர்ச்சை என்பதைப் பேரம் என்று நான் நினைத்திருந்ததுண்டு. கேட்டதைக் கொடு, சொன்னதைத் தருகிறேன். இங்கே நின்று யோசித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. பாய் கிழிந்து, கொடிமரம் முறிந்து, இனி அவ்வளவுதான் என்ற நேரத்தில் ஒருவன் 'கோயில் கட்டுவேன்' என்கிறான். கொத்தனார், செங்கல், சுண்ணாம்பு எல்லாம் கரையில்தான் கிடைக்கும். அப்படியென்றால் அவன் மனது கரைக்குப் போய் வேலையை ஆரம்பித்துவிட்டது. உடம்பு மட்டும்தான் தண்ணீரில்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கரை முழுக்கப் பக்தர்கள், கடைக்காரர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று இன்றும் வியந்து சொல்கிறார்கள். நண்பர் வழியெல்லாம் அடக்கிவைத்திருந்ததை இங்கே கேட்டார்: "உள்ளே இருந்தவனைக் காப்பாத்தினது சாமின்னா, வெளியே நின்னவனை?"

எனக்குப் பதில் தெரியாது. மெழுகுவத்தி விற்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். அந்தக் காலையில் இதே கரையில் தன் அக்காவைப் பறிகொடுத்தவர். சாமி மேல் கோபம் வரவில்லையா என்று நண்பர் நேரடியாகவே கேட்டுவிட்டார். "வந்துச்சு. திட்டுறதுக்கும் கோயிலுக்குத்தானே தம்பி போகணும். வேற எங்க போயி திட்டுறது?" என்றபடி சில்லறை எண்ணினார்.

ஞாயிறு, தனுஷ்கோடி

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள் பாதி போயிற்று. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். தொண்டியில் சாப்பிட்ட நண்டு பற்றி நண்பர் தனியாக ஒரு பயணக் கட்டுரை எழுதுவார்.

தனுஷ்கோடிக்கு வராமல் இந்தப் பயணத்தை முடித்தால் அது ஏமாற்று. நேர்ந்துகொண்டு பிழைத்தவர்கள்தான் கோயில் கட்டுகிறார்கள். நேர்ந்துகொண்டும் பிழைக்காதவர்களின் கணக்கு எங்கே இருக்கிறது? புயல் அடித்த 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் என்னென்ன வேண்டுதல் எழுந்திருக்கும்! ராமேஸ்வரம் வந்துகொண்டிருந்தவர்கள், சாமி பெயர் வாயில் இல்லாமலா இருந்திருக்கும்?

பவளப்பாறைக் கல்லில் கட்டிய மாதா கோயிலின் சுவர்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு இந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்த பிறகும் மீனவர்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். மணலைத் தோண்டினால் கை எட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர். இரண்டு பக்கம் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர். ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன், உப்பே இல்லை.

இங்கே எழுத வேறு எதுவும் வரவில்லை. ராமேஸ்வரத்தில் தங்கல்.

திங்கள், மணப்பாடு

காலையிலேயே கிளம்பி, ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் கடந்து மணப்பாடு. கடலுக்குள் நீட்டிய மணற்குன்று, அதன் மேல் வெள்ளைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். தமிழ்நாட்டுக் கரையில் இதைவிட அழகான ஊர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இங்கே கதை 1540இல் தொடங்குகிறது. போர்ச்சுகீசுக் கப்பல் ஒன்று புயலில் கொடிமரம் முறிந்து தவித்தது. தப்பினால் இந்த முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து, ஒதுங்குகிற கரையில் நடுகிறேன் என்று தலைவன் நேர்ந்துகொண்டான். நட்ட இடம் இந்தக் குன்று. இரண்டு வருடம் கழித்து, 1542இல், பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது குன்றின் அடிவாரக் குகையில் தங்கினார். அதற்கு முன் அதே குகையில் ஒரு சைவ சந்நியாசி இருந்திருக்கிறார் என்று அங்கேயே கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். சந்நியாசி காலி செய்த அறையில் சவேரியார் குடி. உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறும் இருக்கிறது. திருச்சிலுவை ஆலயம் 1581இல் வந்தது. திருவிழா செப்டம்பர் 14.

வேளாங்கண்ணிக்காரர்களின் நேர்ச்சையைவிட எனக்கு இந்த நேர்ச்சை பிடித்திருக்கிறது. இவன் புதிதாக எதுவும் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. எது முறிந்ததால் உயிர் போகும் நிலை வந்ததோ அதையே எடுத்துக் கொடுக்கிறான்.

குன்றில் உட்கார்ந்திருந்த வயதான பரதவர் ஒருவர், இந்தக் கோயிலைக் கடலில் இருந்து எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று சொன்னார். ஜிபிஎஸ் எல்லாம் வருவதற்கு முன்னால் கோபுரத்தையும் பின்னால் தெரியும் வேறொரு அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடிப்பார்களாம். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் சேருகிற இடத்தில் வலை போட்டால், அடுத்த நாளும் அதே இடத்துக்கு வந்துவிடலாம். "மழையில கரை மறைஞ்சு கெடக்கும் பாத்துக்கிடுங்க. திடீர்னு கோயில் உச்சி மட்டும் தெரியும். அப்ப கும்பிடுறதா, திசை பாக்கிறதா? ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துரும்."

போகும் வழியில் உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா கோயில் இருக்கிறது. மேலே ஒரு விமானமும் வைத்திருக்கிறார்கள். வளைகுடா போகிறவர்களை மாதா கவனிக்க வேண்டாமா?

செவ்வாய், தூத்தூர்

குளச்சல் தாண்டித் தேங்காய்ப்பட்டணம் துறைமுகப் பாலம் கடந்தால் வரிசையாகக் கடலோரக் கிராமங்கள். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. வீடுகள் நெருக்கி நிற்கின்றன, அலை சில வீடுகளின் பின்கதவைத் தட்டுகிறது.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக் கரையை ஒட்டி இருந்த தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கி என்ற புயலாகிக் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடலுக்குள் போனது. எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் படகுகள் போய்ப் பல நாள் ஆகியிருந்தன. கரையில் இருந்து கூப்பிடும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கரைப்பக்கம் தொழில் செய்யும் ஃபைபர் வள்ளங்கள் 29ஆம் தேதி சாயங்காலம் வழக்கம்போல் இறங்கிவிட்டன. பிழைத்த படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் என்று எங்கெங்கோ ஒதுங்கின. காணாமல் போனவர்களைத் தேடப் போகவில்லை என்ற கோபத்தில் டிசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

வள்ளத்தில் போய்த் திரும்பிய ஒருவரை ஒரு தெரிந்தவர் மூலம் சந்தித்தோம். பெயர் வேண்டாம் என்றார். பேச்சில் மலையாளம் பாதி கலந்திருக்கும், எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

நள்ளிரவுக்கு மேல் காற்று திரும்பியிருக்கிறது. விடிவதற்குள் வள்ளம் கவிழ்ந்தது. நான்கு பேரில் இரண்டு பேரை அப்போதே காணவில்லை. மிஞ்சிய இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பிடிக்க எதுவும் இல்லாத வழுவழுப்பான அடிப்பாகம் அது. கயிறு ஒன்றைக் குறுக்கே போட்டு ஆளுக்கு ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் விட்டால் இன்னொருவனும் போவான்.

முதல் நாள் பகலில் ஒரு கப்பல் தெரிந்தது. கத்தினார்கள், சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள். அது தன் வழியில் போய்விட்டது.

"அதுக்கப்புறம் நான் ஜெபத்தை நிறுத்திட்டேன்" என்றார். "அதுவரைக்கும் மாதாவே மாதாவேன்னு கெடந்தேன். கப்பல் போனதும் உள்ள ஒண்ணு அணைஞ்சு போச்சு. அவன்தான் நிறுத்தல. ஜெபமாலை கையில இல்ல. விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொல்லிட்டே இருந்தான். பாதியை அவன் சொல்லுவான், மீதியை நான் சொல்லணும். நான் சொல்லலன்னா கயித்தை ஒரு இழு இழுப்பான்."

அருள் நிறைந்த மரியே, ஒரு மாலைக்கு 53 தடவை. அது முடிந்தால் கால் மணி நேரம் கழிந்தது என்று கணக்கு. அப்புறம் அடுத்த மாலை. அந்த நேரத்தில் கடவுள் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றியதா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"அப்படி ஒண்ணும் தோணல. நிறுத்தினா தூங்கிருவோம், தூங்கினா கை விட்டுரும். அது தெரியும். ஆனா என் பாதியைச் சொல்ல ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்ல. அதைத்தான் இப்ப நான் சாமின்னு சொல்றேன். அப்ப அதெல்லாம் தெரியாது."

இரண்டாவது இரவு கயிறு லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தார், முனை மட்டும் வந்தது. மறுநாள் காலை கேரளப் படகு ஒன்று இவரைத் தூக்கியது.

தூத்தூர்க் கல்லூரிக்குப் புனித யூதா ததேயு பெயர். கைவிடப்பட்டவர்களுக்குக் கடைசி நம்பிக்கை என்று கத்தோலிக்கர் வேண்டிக்கொள்ளும் புனிதர். நான் அதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது நண்பர் குறுக்கிட்டார். வேளாங்கண்ணியில் கேட்ட கேள்விதான், ஆனால் குரல் தணிந்திருந்தது. "அவரும் அதே மாதாவைத்தானே கூப்பிட்டார்?"

"என்னைவிட நல்லாக் கூப்பிட்டான்" என்றார் அவர். அப்புறம் சொன்னார். தண்ணீரில் கிடந்தபோது அந்தக் கூட்டாளி, போய்ச் சேர்ந்தால் தன் பெண்குழந்தைக்கு வேளாங்கண்ணியில் முடி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். அது இவர் காதில் விழுந்த நேர்ச்சை. கரைக்கு வந்து, காயம் ஆறி, கூட்டாளியின் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் அதை முடித்துவிட்டார். சேராதவன் நேர்ச்சையை ஏன் முடிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. "சொன்ன வாக்கு சொன்னதுதான. அவன் வந்தா என்ன, நான் வந்தா என்ன?"

ஆனால் இவருடைய சொந்த நேர்ச்சை இன்னும் பாக்கி. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகச் சொல்லியிருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பங்கு அச்சன் சொல்லிவிட்டாராம், இவருக்கு மனது ஒப்பவில்லை. "நடக்கிறேன்னுதான சொன்னேன்? பஸ்ஸுன்னு சொல்லலியே."

இப்போது விசைப்படகுகளில் இஸ்ரோ தயாரித்த கருவி வந்துவிட்டது, நடுக்கடலில் இருந்து கரைக்குச் செய்தி அனுப்பலாம், பதிலும் தமிழில் வரும். மகன் அப்படி ஒரு படகில் போகிறான். கருவியில் நம்பிக்கை உண்டா என்று கேட்டதற்கு, அதற்குப் பக்கத்திலேயே மாதா படம் ஒட்டியிருக்கிறது, நல்ல பசை போட்டு ஒட்டச் சொன்னேன் என்றார்.

கிளம்பும்போது எங்கள் வழியை விசாரித்தார். எந்த ஊரில் சத்திரம், எங்கே தண்ணீர், தொண்டிக்கும் மீமிசலுக்கும் நடுவில் நிழல் உண்டா? எனக்கு ஞாபகம் இல்லை. நண்பர் என் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, திண்ணையில் உட்கார்ந்து வரைபடம் போட ஆரம்பித்தார். டீக்கடை இருக்கும் இடத்துக்கெல்லாம் வட்டம், கைப்பம்புக்கு ஒரு கோடு. "அந்த ரோட்டுல கருவேலம்தான் அண்ணே, நிழல் கிடையாது. விடியக்காலம் மூணு மணிக்கு நடையைக் கட்டுங்க, பத்து மணிக்கு மேல எங்கயாவது படுத்துருங்க. முட்டிக்கு ஒரு பெல்ட் வாங்கிப் போட்டுக்கங்க. தை மாசம் போறது நல்லது, பங்குனி வேணாம்."

தாளின் பின்பக்கம் தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.